ஓட்டை இல்லாத காசு

டிசம்பர் 11, திங்கள்

ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்று கொடுக்கப் போய் அரைநாள் வீணாயிற்று. இயந்திரத்தில் என் விரல் ரேகை விழவில்லை. நாகப்பட்டினம் – காரைக்கால் தடத்தில் ஆயுள் முழுக்கச் சில்லறை எண்ணிய விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? கடைசியில் கண்ணைப் படம் பிடித்து, நான் உயிரோடிருப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் தொலைபேசி அடித்தது. இங்கே புதிதாகத் திறக்கப்போகும் கடல்வணிகக் கூடத்தின் காப்பாட்சியர். ஜெசிந்தா என்று பெயர். என்னுடைய சீனக் காசுகளைப் பார்க்க வேண்டுமாம். இத்தனை வருடங்களாக நான் எழுதிய கடிதங்களுக்கு ஒருவரும் பதில் போட்டதில்லை. இப்போது அவர்களாகவே கூப்பிடுகிறார்கள்.

வீட்டுக்காரி செண்பகத்திடம் சொன்னேன். "நல்ல சேதிதானே. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள்.

என் முகமே இப்படித்தான்.

டிசம்பர் 12, செவ்வாய்

மழை. எரிவாயு உருளை வரவில்லை. காசுகளைத் துடைத்துப் பஞ்சில் அடுக்கி வைத்தேன்.

டிசம்பர் 13, புதன்

ஜெசிந்தா முப்பது வயதுப் பெண். மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, பிறகுதான் பெட்டியைத் திறக்கச் சொன்னார். முழுக் கதையையும் சொன்னேன். எழுபத்தேழாம் வருடப் புயலுக்குப் பிறகு, நாகூருக்குத் தெற்கே அலை அரித்த மணலில் கிடைத்த கட்டி அது. துருவும் சிப்பியும் ஒட்டி, பாதித் தேங்காய் அளவு இருந்தது. உள்ளே முழுக்கச் சதுர ஓட்டை போட்ட செப்புக் காசுகள். அந்த ஓட்டை கயிற்றில் கோப்பதற்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வார்த்து எடுத்த காசுகளைச் சதுரக் கம்பியில் வரிசையாகச் செருகினால் அவை சுழலாது; எல்லா விளிம்பையும் ஒரே சமயத்தில் அரம் போட்டுத் தேய்க்கலாம். இதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை.

காசின் மீதிருந்த நாலு எழுத்தையும் முதன்முதலில் படித்துச் சொன்னவர் காரைக்காலில் இருந்த சீனப் பல் வைத்தியர். யுவான்பெங் என்ற ஆட்சிப் பெயராம். ஆயிரம் வருடத்துக்குச் சற்றுக் குறைவாம். நம் ஊரில் அது குலோத்துங்கன் காலம். சோழ நாட்டிலிருந்து சீனத்துக்குத் தூதுக்கூட்டம் கப்பலேறிப் போன காலமும் அதுதான். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஜெசிந்தா ஒரு காசை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ஐயா, இதையெல்லாம் எத வச்சுத் தேய்ச்சீங்க?" என்று கேட்டார்.

புளியும் சாம்பலும் என்றேன். குத்துவிளக்குக்கு எதைப் போடுவோமோ அதைத்தானே போட முடியும். பொன் போல மின்னின என்றும் சொன்னேன். அவர் அந்தக் காசை மெதுவாகக் கீழே வைத்தார். மேலே படிந்திருந்த பாசியும் துருவும்தான் காசு எங்கே, எதோடு, எவ்வளவு காலம் கிடந்தது என்று சொல்லியிருக்கும். இப்போது கேட்பதற்கு ஒன்றுமில்லை என்றார். அதோடு விடவில்லை. பழைய சீன ஆட்சிப் பெயரையே போட்டு, ஐந்நூறு அறுநூறு வருடம் கழித்து, ஜப்பானில் நாகசாகியில் ஏற்றுமதிக்கென்று காசு வார்த்தார்களாம். அதை வாங்கிக் கப்பலில் ஏற்றியவர்கள் டச்சுக்காரர்கள். நாகப்பட்டினமும் அப்போது அவர்கள் கையில். என் காசுகளின் எழுத்து வடிவம் அந்த ஜப்பான் வார்ப்பு போலத் தோன்றுகிறதாம். உறுதியாகச் சொல்ல, தேய்க்காத காசு வேண்டுமாம்.

கட்டியை நாங்கள் இருவர் பாதிப் பாதியாக உடைத்துக்கொண்டோம் என்று முன்பே சொல்லித் தொலைத்திருந்தேன். "அந்த இன்னொரு பாதி யாருகிட்ட இருக்கு ஐயா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 14, வியாழன்

தெரியும். நாகூரில் உதுமான் மரைக்காயரிடம் இருக்கிறது.

பத்து வருடத்துக்கு முன் கும்பகோணத்தில் நாணயச் சங்கக் கூட்டம் நடந்தது. அதில் நான் என் கட்டுரையைப் படித்து முடித்ததும், கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்து, "இது சோழர் காலத்துச் சரக்கு இல்ல, டச்சுக்காரன் காலத்துச் சரக்கு" என்று சொன்ன மனிதர். என் கூடவே ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் வந்தவர். கூட்டம் சிரித்தது. திரும்பும்போது நான் வேறு பேருந்தில் ஏறினேன். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

இந்தப் பெண்ணும் அதே வார்த்தையைச் சொல்கிறது. இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்திருப்பார்கள்.

டிசம்பர் 16, சனி

செண்பகத்துக்கு முழங்கால் வலி. எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். வலியோடு வலியாக, "நாகூருக்கு ஒரு நட போயிட்டுத்தான் வாங்களேன்" என்றாள். அவர் வந்தால் ஆகாதா என்று கேட்டேன்.

"அவரு எப்படி வருவாரு? கண்ணு போயி ரெண்டு வருஷமாச்சு. சக்கரை."

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். முழங்கால் வலிக்காரி அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

வருடா வருடம் நோன்பு மாதத்தில் இந்த வீட்டுக்கு, நாகூர்ப் பலகாரமான இறால் வாடா எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதில்லை. கடையில் வாங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 18, திங்கள்

ஜெசிந்தா மறுபடியும் கூப்பிட்டார். ஜனவரிக் கடைசிக்குள் காட்சிப் பெட்டிக்கான விவர அட்டைகளை அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம். காலம் உறுதியாகாவிட்டால் என் காசுகளை இந்தச் சுற்றில் வைக்க முடியாதாம். சோழர் காலம் என்று உறுதியானால் நுழைந்ததும் முதல் பெட்டி. 'வைரக்கண்ணு தொகுப்பு' என்று பெயரும் போடுவார்கள். இதை அவராகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன்.

டிசம்பர் 20, புதன்

நாகூர் போனேன். செண்பகம் சொன்னதற்காக அல்ல. பேருந்தில் ஏறிய பிறகுதான் எங்கே போகிறோம் என்று முடிவு செய்தேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி சபுரா. ஆச்சரியப்படவில்லை, செண்பகத்துக்குக் கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். உள்ளே மரைக்காயர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாதியாகக் கரைந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி. நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"செருப்ப இழுத்து இழுத்து நடக்கிறது யாரு, கண்டக்டரா?" என்றார். "உக்காருய்யா. டிக்கெட் எடுத்தாச்சு."

நான் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஜெசிந்தா எப்படியோ விசாரித்து அங்கேயும் போயிருக்கிறார். கட்டியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறார். மரைக்காயர் கொடுக்கவில்லை.

சபுரா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பாதிக் கட்டி அப்படியே இருந்தது, புயலுக்கு மறுவாரம் பார்த்த அதே பச்சையும் கறுப்புமாக. ஒரு மூலையில் மட்டும் ஓடு உதிர்ந்திருந்தது. மரைக்காயர் அந்த இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தார்.

"தடவிப் பாரு. சீனக் காசுன்னா நடுவுல ஓட்டை இக்கணும். இதுல ஓட்டை இல்ல. சொச்சக் காசுக்கு நடுவுல இது ஒண்ணு மட்டும் முழுசா இக்கிது. மேல ஏதோ உருவம் இக்கிது, புடிபடல. கண்ணு இருந்தப்போ இது வெளியே வரல, இது வெளியே வந்தப்போ கண்ணு இல்ல."

ஓட்டை இல்லாத செப்புக் காசில் நிற்கும் உருவம் என்றால் அது சோழக் காசு. ஒரு பக்கம் ராஜா நிற்பார், மறுபக்கம் உட்கார்ந்திருப்பார். சீனக் காசோடு சோழக் காசு ஒரே கட்டியில் ஒட்டியிருந்தால் அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? அதை அவரிடம் சொன்னேன்.

"இக்கலாம்" என்றார். "டச்சுக் கம்பெனிக் காசாவும் இக்கலாம். நீ எடுத்துட்டுப் போ. ஊற வச்சு, பார்த்து, நீயே வந்து சொல்லு. அந்தப் புள்ள சொன்னா நீ நம்ப மாட்டே. நான் சொன்னா பத்து வருஷம் பேச மாட்டே. நீ சொல்றதத்தான் நான் அந்தப் புள்ளைக்கிட்ட சொல்லுவேன்."

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். நடத்துநர் புதுப் பையன், மீதிச் சில்லறை தரவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

டிசம்பர் 21, வியாழன்

பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் கட்டியை ஊற வைத்தேன். இதற்குக் கத்தி ஆகாது, அமிலம் ஆகாது. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, இளகிய இடத்தை மட்டும் மெல்லிய தூரிகையால் வருட வேண்டும்.

"கொஞ்சம் புளியக் கரைச்சு ஊத்தினா சாயங்காலத்துக்குள்ள விட்டுரும்" என்றாள் செண்பகம்.

அடுக்களைக்குப் போ என்றேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

தண்ணீர் பச்சையாகிறது. மாற்றினேன்.

டிசம்பர் 28, வியாழன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. நகராட்சிக்கு எழுதினேன். குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் காசுக்கு மட்டும் வடித்த தண்ணீர் என்று செண்பகம் சொல்லிக் காட்டுகிறாள்.

ஜனவரி 2, செவ்வாய்

விளிம்பு தெரிகிறது. உருண்டையான, மெல்லிய காசு. சோழக் காசு இதைவிடத் தடித்தது என்று ஞாபகம். ஆனால் தேய்ந்த காசு மெலியும்.

ஜனவரி 5, வெள்ளி

இன்று உருவம் பிடிபட்டது! நிற்கும் உருவம்தான். ஒரு கை உயர்ந்திருக்கிறது. தலைக்கு மேல் கிரீடம் போல ஒன்று. பழைய கட்டுரையைத் தேடி எடுத்தேன். கும்பகோணத்தில் சிரித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். முதல் பத்தி நன்றாக வந்திருக்கிறது.

ஜெசிந்தாவிடம் முதல் பெட்டியை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொன்னேன்.

ஜனவரி 9, செவ்வாய்

உருவத்தின் கீழ்ப்பகுதி இளகி வந்தது. வெளிச்சம் போதவில்லை. நாளை பார்க்க வேண்டும்.

ஜனவரி 10, புதன்

இன்றும் வெளிச்சம் போதவில்லை. செண்பகம் மொட்டை மாடியில் பாய்களையும் தலையணைகளையும் வெயிலில் போட்டு எடுத்தாள். பொங்கலுக்கு வீடு துடைக்கிறாள்.

ஜனவரி 11, வியாழன்

உருப்பெருக்கிக் கண்ணாடி பழசாகிவிட்டது. சோழக் காசுகளில் எத்தனையோ வகை உண்டு. புத்தகத்தில் ஏறாத வகைகளும் இருக்கும். எல்லாவற்றையும் எவரும் பார்த்துவிடவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

செண்பகம் மேசையைத் துடைக்க வந்தவள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல நாய் ரெண்டு கால்ல நிக்குது."

ராஜா என்றேன்.

"ராஜாவுக்கு வாலு இருக்குமா?"

அது துரு என்றேன். துரு இப்படிச் சுருண்டு மேலே தூக்கிக்கொண்டு நிற்குமா என்று கேட்டாள். நான் தூரிகையைக் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தின் மேல் ஒரு தட்டை வைத்து மூடினாள், சோற்றை மூடுவது போல.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மரைக்காயர் வீட்டுக்கு ஒரு தூக்குவாளி போயிற்று. இந்த முறை என் கண்ணெதிரிலேயே கட்டி அனுப்பினாள்.

சாயங்காலம் மரைக்காயர் தொலைபேசியில் கூப்பிட்டார். குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஜனவரி 16, செவ்வாய்

மறுபடியும் கூப்பிட்டார். நான் தூங்குவதாகச் செண்பகம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு என்ன பொய் சொல்லணும்னு இப்பவே சொல்லி வச்சிருங்க" என்றாள்.

அவருக்குக் கண் தெரியாது. சபுராவுக்குக் காசு தெரியாது. நான் ராஜா என்று சொன்னால் அவர் ஜெசிந்தாவிடம் ராஜா என்று சொல்வார். ஜெசிந்தா கட்டியைக் கேட்பார், பார்ப்பார். அந்தப் பெண்ணுக்குக் கண் இருக்கிறது. ஆனால் மூலையில் இருக்கிற ஒரு காசு தண்ணீரில் ஊறி இளகி விழுந்துவிட்டதென்றால் என்ன செய்ய முடியும்? ஊறுகிற கட்டியிலிருந்து காசு உதிர்வது சாதாரணம். எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. நக நுனியால் தொட்டுப் பார்த்தேன். ஆடுகிறது.

கிண்ணத்தை மூடிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். வாங்க ஒன்றுமில்லை. சும்மா போய்விட்டு வந்தேன்.

ஜனவரி 18, வியாழன்

டப்பாவை எடுத்துக்கொண்டு நாகூர் போனேன். காசு கட்டியில்தான் இருக்கிறது.

மரைக்காயர் அதே சன்னலோரம். "என்ன கண்டக்டரே, ராஜாவா?" என்றார்.

அவர் சுட்டுவிரலைப் பிடித்துக் காசின் மேல் வைத்தேன். இப்போது அழுக்கு இல்லை. விரலுக்கு எல்லாம் தெரியும். உருவத்தைச் சுற்றியிருந்த கேடயத்தின் கோட்டில் விரலை ஓட்டினார். மேலே இருந்த கிரீடத்தைத் தொட்டார். பிறகு உருவத்தின் காலிலிருந்து மெதுவாகப் பின்பக்கமாகப் போய், ஓரிடத்தில் நின்றார்.

"வாலு" என்றார்.

டச்சுக் கம்பெனியின் சிங்கக் காசு. நாகப்பட்டினம் கடற்கரையில் இதைப் பொறுக்காத பிள்ளை கிடையாது. இங்கே எழுதி வைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

அவர் விரலை எடுக்காமலே கேட்டார். "நீ ராஜான்னு சொல்லியிருந்தா நான் ராஜான்னுதான் சொல்லியிருப்பேன். தெரியுமுல்ல?"

தெரியும் என்றேன்.

"அப்பறம் ஏன்?"

"செல்லாத காசை நான் யாருக்கும் மீதி கொடுத்ததில்ல, மரைக்காரே."

சபுரா தேநீர் கொண்டுவந்தார். குடித்தோம். என்னால் அதோடு எழுந்து வர முடியவில்லை. பத்து வருடமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். "கும்பகோணத்துல அத்தனை பேரு முன்னால சொன்னியே. போறப்போ பஸ்ஸுலயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"பஸ்ஸுல நீ என்னப் பேச விட்டியா? நாகூர்லேர்ந்து கும்பகோணம் வரைக்கும் குலோத்துங்கன்தான் பேசினான்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. சொல்லவில்லை. சபுரா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

கிளம்பும்போது மரைக்காயர் டப்பாவைத் திருப்பி வாங்கவில்லை. நானே ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட வேண்டுமாம்.

ஜனவரி 22, திங்கள்

கொடுத்தேன். ஜெசிந்தா சிங்கத்தைப் பார்த்ததும் என்னைப் பார்த்தார். வருத்தப்படுகிற முகம் வைத்துக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. இந்தக் கட்டி டச்சுக் காலம், அவ்வளவுதான், கடலுக்குள் வேறு கட்டிகள் கிடக்கும் என்றேன். ஆமாம் ஐயா என்றார்.

தேய்க்காத பாதியையும் நான் தேய்த்த காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறார்களாம். ஒரே கட்டி, இரண்டு விதி என்று பார்க்கிறவர்களுக்குப் புரியுமாம். முதல் பெட்டி கிடையாது. டச்சுக் காலம் கடைசி அறையில். விவர அட்டையில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கலாம் என்றார்: 'கண்டெடுத்தவருள் ஒருவரான வைரக்கண்ணு இவற்றைச் சோழர் காலத்தவை என்று கருதுகிறார்.' எழுதிக்கூட வைத்திருந்தார். நல்ல எழுத்து.

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அட்டை சின்னது, இத்தனை வரி போட்டால் எழுத்துப் பொடியாகிவிடும், வயசானவர்களால் படிக்க முடியாது என்றேன்.

செயலாளருக்குத் தொடங்கிய கடிதத்தின் மறுபக்கத்தில் செண்பகம் மளிகைச் சாமான்கள் எழுதியிருக்கிறாள்.

ஜனவரி 27, சனி

உடம்பு அசதி. ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

கூடம் திறந்தார்கள். பேச்சுகள் நீளம். மரைக்காயரைக் காரில் அழைத்துவந்தார் சபுரா. செண்பகமும் சபுராவும் நாற்காலி பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள், பழகியவர்கள் போல. நான் மரைக்காயரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். கடைசி அறையில் எங்கள் பெட்டி, அட்டையில் கண்டெடுத்தவர்கள் என்று எங்கள் இருவர் பேரும். வெளிச்சம் நன்றாகப் போட்டிருக்கிறார்கள்.

"யாரு பேரு முன்னால இக்கிது?" என்றார்.

உன் பேர்தான், அகர வரிசையாம், நான் சண்டை போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை என்றேன்.

"நியாயமாப் பார்த்தா உன் பேருதான் முன்னால வரணும். அன்னைக்குக் கட்டியில கால இடிச்சுக்கிட்டுக் கத்தினது நீதானே."

"இடிச்சுக்கிட்டது நீ. பார்த்துக் குனிஞ்சது நான்."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் கால் கட்டைவிரல் என்றுகூடச் சொன்னார். புளுகு. அந்த ஆளோடு பேசிப் பயனில்லை. விட்டுவிட்டு, காசுகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எதன் ஓட்டையில் சிப்பி அடைத்திருக்கிறது, எந்த எழுத்து எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று. அவர் தலையை என் பக்கம் சாய்த்து, பெட்டியின் கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். என்னுடைய மின்னுகிற காசுகள் வந்தபோது, "புளி" என்றார். ஆமாம், புளி என்றேன்.

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. "பெரியவரே, கொஞ்சம் உள்ள நகருங்க" என்று யாரோ சொன்னார். ஆயுள் முழுக்க அதையே சொல்லிப் பிழைத்தவன் நான். நகரவில்லை. மேல்வரிசையில் இன்னும் காசுகள் பாக்கி இருந்தன.